வட்டை விதானையும் பொலிஸ் விதானையும்: ஊர் தெரிவுசெய்த காவலரின் அதிகாரமும் எல்லையும்

சட்டத்தை இயற்றுவோரை மக்களே தெரிவுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கை 1931ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமையோடு இலங்கையில் நிலைபெற்றுவிட்டது. ஆயின், இயற்றப்பட்ட சட்டத்தை ஊர்முகத்தில் நின்று நிறைவேற்றுபவரை யார் தெரிவுசெய்வது என்ற வினா இன்னும் தீரவில்லை. பொலிஸ் அதிகாரம் மத்தியில் இருத்தல் வேண்டுமா, மாகாணத்தில் இருத்தல் வேண்டுமா என்று நாம் ஓயாது வாதிடுகின்றோம். அவ்வதிகாரத்தின் ஒரு கூறேனும் ஊரவர் கையில் இருந்த காலம் உண்டா, இருந்தபோது அஃது எவ்வாறு பயன்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. இக்கேள்விக்கு விடை காண்பதற்கு மேனாட்டு நூல்களை முதலிலே புரட்ட வேண்டியதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வயல்வெளிகளிலேயே அதற்குரிய சான்று கிடக்கின்றது.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி வாழைச்சேனை வாவியைக் கடக்கும் இடத்தில் ஓட்டமாவடி அமைந்துள்ளது. நெடுங்காலம் புகைவண்டியும் மோட்டார் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து கடந்த ஒரே பாலத்தினால் வெளியூரார் இவ்வூரை அறிவர். ஊரவர்க்கோ பாலத்திலும் பெரிது வயல். மீராவோடை, மாவடிச்சேனை, காவத்தமுனை முதலிய அயலூர்களோடு சேர்த்து நோக்கின், இப்பகுதி கோறளைப்பற்றின் பழைய நிருவாகத்துக்குட்பட்டது. வாகனேரிக் குளத்தின் நீர் பாயும் வெளிகளிலே முஸ்லிம்களின் வயலும் தமிழரின் வயலும் வரம்புக்கு வரம்பு தொட்டுக் கிடக்கின்றன. இத்தகைய வயற்புறத்திலே ஒரே காலத்தில் இரு விதானைமார் நடமாடினர். ஒருவர் பொலிஸ் விதானை. மற்றவர் வட்டை விதானை. பெயரில் ஒற்றுமை இருப்பினும், அதிகாரம் பிறந்த இடத்தில் இருவரும் நேர் எதிரானவர்கள். முன்னவரை நியமித்தது கச்சேரி. பின்னவரைத் தெரிவுசெய்தது வட்டை.

பொலிஸ் விதானையை முதலில் நோக்குவோம். அவர் கதை பலரும் அறிந்ததாதலின் சுருக்கமாகவே கூறலாம். மட்டக்களப்பில் பற்றுத்தோறும் வன்னியனாரும், அவருக்குக் கீழ் உடையாரும், ஊர்தோறும் விதானையும் என அமைந்த ஏணியின் கடைப்படி அவர். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் ஒழுங்கான பொலிஸ் படையொன்றை உருவாக்கியபோது அப்படை பெரும்பாலும் பட்டினங்களைக் காத்தது. கிராமங்கள் தலைமைக்காரர் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைக் கோவை, அரசாங்க அதிபரால் பொலிஸ் கடமைக்கென நியமிக்கப்பட்ட விதானைமாரையும் சமாதான அலுவலர் என்ற சொல்லுக்குள் அடக்கியது. குற்றம் நிகழ்ந்தால் அறிவிப்பதும், ஐயத்துக்குரியவரைப் பிடித்து நீதவானிடம் ஒப்படைப்பதும் அவர் கடமை. இவ்வளவு அதிகாரமும் பெற்றவருக்கு ஒழுங்கான சம்பளம் நெடுங்காலம் இருக்கவில்லை. சம்பளமில்லாத அதிகாரம் எங்கே தன் கூலியைத் தேடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப், ஊர்த் தலைமைக்காரன் ஒருவனின் பகை ஒரு குடும்பத்தையே எவ்வாறு அழிக்கும் என்பதைத் தமது நாவலின் கருவாக்கினார். அது 1913இல் வெளிவந்த கற்பனைக் கதையே. எனினும் அதை எழுதியவர் தலைமைக்காரரை மேற்பார்வை செய்த அதிகாரி என்பதை மறத்தல் கூடாது. தலைமைக்கார முறைமையை ஆராய்ந்த ஆணைக்குழு 1935இல் அறிக்கை அளித்தது. 1938 முதல் உயர்நிலைத் தலைமைக்காரரின் இடத்திற்குப் பிரிவுக் காரியாதிகாரிகள் படிப்படியாக வந்தனர். 1963இல் கிராமத் தலைமைக்காரர் பதவியும் நீக்கப்பட்டுக் கிராம சேவகர் நியமிக்கப்பட்டனர்.

இனி வட்டை விதானையிடம் வருவோம். வட்டை என்பது ஒரே வாய்க்காலின் நீரை உண்டு, ஒரே வெளிவேலிக்குள் அடங்கும் வயற்பரப்பு. அதற்குள் பலருக்கு வயல் உண்டு. ஆயினும் நீர், வேலி, விதைப்பு, மாடு என்னும் நான்கிலும் ஒருவர் செய்கை மற்றவரைத் தாக்கும். ஒருவர் தம் பங்கு வேலியை அடைக்காவிடின் அவ்விடைவெளியால் நுழையும் எருமைகள் அவர் பயிரை மட்டும் தேர்ந்து மேய்வதில்லை. ஒருவர் பிந்தி விதைப்பின் அவருக்காக மடையைத் திறந்து வைக்க நேரும். அறுவடைக்கு நின்ற அடுத்த வயலில் நீர் தேங்கும். ஆகவே வட்டைக்குள் சட்டம் என்பது வாழ்க்கையின் தேவையிலிருந்து எழுந்தது. அது மேலேயிருந்து இறக்கப்படவில்லை.

இவ்வழமைக்கு முன்னர் வலிமை தந்தது இராசகாரியம். கோல்புறூக்கின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அடிமைத்தனத்தின் சாயல் கொண்ட அம்முறை ஒழிந்தது நன்றே. ஆனால், குளக்கட்டுக்கு மண் போடவும் வாய்க்கால் வெட்டவும் எல்லோரையும் அழைக்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து போயிற்று. ஊரார் நூறு பேர் கூடி வேலை செய்ய, ஒருவர் மட்டும் வரமறுத்தால் அவரைக் கேட்க எவருமில்லை. கேட்பதானால் நியாயதலம் செல்லவேண்டும். வழக்குத் தீருமுன் போகமே தீர்ந்துவிடும். இந்நிலையை உணர்ந்தே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கிழக்கிலே இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தவரும் அவரே. வயற்சொந்தக்காரர் கூட்டப்பட்டு, அவர்களின் பெரும்பான்மை விருப்பத்தின்படி அப்பகுதியின் பழைய வழமைகள் எழுதப்பட்டுச் சட்டவலிமை பெறலாம் என்பது இச்சட்டத்தின் உயிர்நாடி. ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்கு என்ற ஒன்று இந்நாட்டுக் குடியானவர் கையை எட்டியது சட்டசபை வழியாக அன்று. வாய்க்கால் வழியாகவே என்பது நம் அரசியல் வரலாற்று நூல்கள் பெரிதும் கவனியாத செய்தி.

இச்சட்டமும் இதனைத் தொடர்ந்து வந்த நீர்ப்பாசனச் சட்டங்களும் வயலுடையோர் தமக்குள் ஒருவரை நீர்ப்பாசனத் தலைமைக்காரராகத் தெரிவுசெய்ய வழிவகுத்தன. சிங்களப் பகுதிகளில் அவரை வெல் விதானை என்றனர். மட்டக்களப்பார்க்கு அவர் வட்டை விதானை. நீரை முறைவைத்துப் பகிர்தல், வேலி அடைக்கவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் நாள் குறித்தல், தவறியவரைக் கண்டு அறிக்கையிடல், கட்டாக்காலி மாடுகளைப் பிடித்தல், அழிவை மதிப்பிடுகையில் முன்னிற்றல் என்பன அவர் தொழில். 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் வந்தபின், மாட்டைப் பிடிப்பதற்கும் நட்டம் கணிப்பதற்கும் எழுத்திலும் ஒரு முறை ஏற்பட்டது.

இவருக்குக் கச்சேரியிலிருந்து சம்பளம் வரவில்லை. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியும்போது ஒவ்வொரு வயற்காரரும் தத்தம் விதைப்புப் பரப்புக்கேற்ப ஒரு பங்கு அளந்து கொடுத்தனர். சுவந்திரம் என்பது அதன் பெயர். பழைய தமிழ்நாட்டு ஊர்க்கணக்குகளிலே ஊர்த்தொழிலாளருக்குரிய நெற்பங்கைச் சுதந்திரம் என்றே எழுதியுள்ளனர். விடுதலை என்ற பொருளில் அச்சொல்லை முழங்கும் நாம், அது ஒரு காலத்தில் களத்துமேட்டில் அளந்து கொடுத்த கூலியைக் குறித்தது என்பதை அறிந்தால் சற்று வியப்போம். இக்கூலி முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. விளைவு கெட்டால் விதானையின் பங்கும் கெடும். பொலிஸ் விதானைக்கு ஊரில் வழக்குப் பெருகினால் வருவாய்க்கு வழி உண்டு. வட்டை விதானைக்கோ வழக்கு எழாமல் வேளாண்மை வீடு சேர்ந்தால்தான் வருவாய்.

அவர் பலத்தின் ஊற்று அறிவே. குறிசுட்ட மாட்டின் தோலைக் கண்டதும் அது எவர் பட்டியைச் சேர்ந்தது என்று கூறவல்லவர் அவர். இரவில் மடையை வெட்டியவரின் கால்தடம் எந்த வரம்பில் ஏறி எந்த வரம்பில் இறங்கியது என்பது அவருக்குப் புலப்படும். மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வரும் பொலிஸ்காரர் எத்துணைத் திறமையுடையவராயினும் ஓரிரு போகங்களில் இவ்வறிவைப் பெறுதல் இயலாது. இதனோடு, அவரைத் தெரிவுசெய்தோர் அவரைச் சினந்தால் அடுத்த கூட்டத்தில் வேறொருவரை வைக்கலாம் என்ற அச்சமும் அவரை நேர்வழியில் நிறுத்தியது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து பயிரிட்ட வட்டையிலே ஒரு சாராரை மட்டும் அணைத்து நடக்கும் விதானைக்கு மறுசாராரின் ஒத்துழைப்புக் கிட்டாது. ஒத்துழைப்பின்றி நீரைப் பகிரவும் முடியாது. வாய்க்காலின் தலைப்பில் ஒரு சமூகத்தவரும் கடைப்பங்கில் மறு சமூகத்தவரும் இருந்த இடங்களில் விதானையின் நடுநிலை வெறும் நற்பண்பாக மட்டும் இருக்கவில்லை. அது தொழிலின் நிபந்தனையாயிற்று.

இவ்வாறு கூறுவதால் வட்டை விதானையின் காலம் பொற்காலம் என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டாம். ஊர்ப்பெருமை பேசும் கட்டுரைகள் இவ்விடத்தில் நின்றுவிடுவது வழக்கம். வரலாறு இதன் பின்னரே தொடங்குகின்றது.

அவர் அதிகாரத்துக்குச் சட்டம் வகுத்த எல்லை முதலாவது. வட்டையின் வெளிவேலியோடு அது முடிந்தது. ஊருக்குள் நடந்த களவு, அடிதடி, கொலை எவையும் அவர் கைக்குள் வரவில்லை. பொதுவான பொலிஸ் அதிகாரம் அவருக்கு இல்லை. தண்டம் விதிப்பதும் சிறையிலிடுவதும் அவர் வேலையல்ல. 1871ஆம் ஆண்டின் கிராமச் சங்கச் சட்டத்தால் அமைந்த கிராமக் கோடுகளும், 1945ஆம் ஆண்டின் சட்டத்தால் அவற்றின் இடத்துக்கு வந்த கிராம நீதிமன்றங்களும், நீதவானுமே அதைச் செய்தனர். கிராமக் கோட்டிலே வழக்கறிஞர் தோன்றி வாதிட இடமிருக்கவில்லை. அங்கும் ஊரவரின் சொல்லே சான்று. ஆகவே வட்டை விதானை குற்றத்தைக் காண்பவர், கூறுபவர். தீர்ப்பவர் வேறொருவர். இப்பிரிவினை அவரைப் பலவீனராக்கியது என்று சிலர் கருதலாம். என் கருத்தில், அவரை ஊர் பொறுத்துக்கொண்டதற்கே இப்பிரிவினைதான் காரணம். காண்பதும் பிடிப்பதும் தண்டிப்பதும் ஒருவரிடமே குவிந்திருப்பின், தெரிவுசெய்யப்பட்டவர் என்ற பெயரோடு இன்னொரு கொடிய தலைமைக்காரர் தோன்றியிருப்பார்.

வாக்கின் எல்லை இரண்டாவது. இதுவே கடுமையானது. சட்டம் கூட்டத்துக்கு அழைத்தது வயற்சொந்தக்காரரை. மட்டக்களப்பின் வயல் அமைப்பையோ நாம் அறிவோம்: பெருநிலத்துக்கு உரிய போடியார் ஒருவர், அவர் வயலைப் பொறுப்பேற்றுச் செய்யும் முல்லைக்காரர் ஒருவர், முல்லைக்காரருக்குக் கீழ் வயற்காரர் சிலர். சேற்றில் நின்று நீரைக் கட்டியவர் வயற்காரர். விதானையைத் தெரிவுசெய்தவர் போடியார். 1931இல் அரசாங்க சபைக்கு உறுப்பினரை அனுப்பும் வாக்கு முல்லைக்காரருக்கும் கிடைத்துவிட்டது. எனினும் தாம் உழும் வயலுக்கு நீர் திறப்பவரைத் தெரிவுசெய்யும் உரிமை அவருக்கு மேலும் ஒரு தலைமுறை வரை கிட்டவில்லை. மற்றொரு விந்தையும் உண்டு. கிழக்கிலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடும் வயலும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்வழி செல்வன. அங்ஙனமாயின் சொந்தக்காரர் கூட்டம் என்பது பெருமளவுக்குப் பெண்கள் கூட்டமாக அல்லவா இருந்திருத்தல் வேண்டும்? நடைமுறையில் மனைவியின் வயலுக்குக் கணவர் வந்து வாக்களித்தார்.

வாக்கு இவ்வாறு ஒரு சிலரிடம் இருந்ததன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். சிறு வயற்காரரின் மாடு வேலி தாண்டின் விதானையின் கயிறு விரைந்து நீளும். பெரும்போடியாரின் பட்டி தாண்டின் அதே கயிறு சற்றுத் தயங்கும். அப்போடியாரின் ஆதரவாலேயே அவர் அப்பதவியில் இருக்கின்றார் அல்லவா? தெரிவுசெய்யப்பட்ட காவலர், தம்மைத் தெரிவுசெய்தோர் அனைவரும் ஏற்றுக்கொண்ட விதியை மிக நன்றாகக் காப்பார். அவர்களுள் வலியவர் ஒருவர் மீறும் விதியைக் காப்பது அவருக்குக் கடினம். வாக்கில்லாதவரின் உரிமையைக் காப்பது அதனினும் கடினம்.

இவ்விடர் மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. உத்தரமேரூர்ச் சபையார் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், கல்லிலே பொறித்த விதிகளை இங்கு நினைவுகூரலாம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை மூலம் ஓராண்டுக்கே ஆள் எடுத்தனர். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும், பிறர்பொருள் கவர்ந்தவரையும் விலக்கினர். ஓலையைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தமைக்குக் காரணம், வலியவரின் செல்வாக்கு வாக்கிலே புகும் என்ற அச்சமாகவே இருத்தல் வேண்டும். அங்கும் நிலமும் வீடும் உடைய கல்வியாளர்க்கே ஓலை எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பெருமை பேசும்போது நாம் முற்பாதியை மட்டும் படிக்கின்றோம்.

மேனாட்டின் அனுபவமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இங்கிலாந்தின் கோயிற்பற்றுக் கொன்ஸ்டபிள் ஊர்மன்றத்தில் ஆண்டுக்கொருவராகத் தெரிவுசெய்யப்பட்டவர், சம்பளமற்றவர். தம் தொழிலை விட்டு ஓராண்டு அலைய விரும்பாத செல்வர் பிறரைக் கூலிக்கு அமர்த்தித் தப்பினர். ஷேக்ஸ்பியர் டொக்பெரி என்னும் கொன்ஸ்டபிளை மேடையேற்றி நகைத்தபோது கொட்டகையிலிருந்தோர் தத்தம் ஊரவரை நினைத்துச் சிரித்திருப்பர். 1829இல் இலண்டனில் சம்பளப் பொலிஸ் தோன்றி, 1856இல் மாவட்டந்தோறும் அது கட்டாயமானபோது பழைய கொன்ஸ்டபிள் மெல்ல மறைந்தார். நம் நாட்டு நெற்காணிச் சட்டமும் அதே 1856இல் பிறந்தது. தன் நாட்டில் ஊர்க்காவலரைக் கைவிட்ட அரசு, இங்கே வாய்க்காலுக்கு ஊர்க்காவலரைத் தெரிவுசெய்யச் சொல்லிற்று. செலவு மிச்சம் என்பதும் அதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

தெரிவுமுறை இன்றும் உயிரோடிருக்கும் இடமொன்று ஜேர்சித் தீவு. அதன் 12 கோயிற்பற்றுகளிலும் சம்பளமற்ற ஊர்ப்பொலிசார் தெரிவுசெய்யப்படுகின்றனர். அவர்களுள் சென்டெனியர் எனப்படுபவரே ஒருவர்மீது முறைப்படி குற்றஞ்சாட்டும் உரிமை பெற்றவர். சம்பளம் பெறும் பொலிசார் புலனாய்வு செய்து முடித்த பின்னரும் குற்றப்பத்திரத்திற்கு ஊர் தெரிவுசெய்த சென்டெனியரையே நாடவேண்டும். சிறு குற்றங்களை அவர் கோயிற்பற்று மண்டபத்தில் விசாரித்து, நியாயதலம் போகாமலே முடித்துவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே 6 ஆண்டுக்கொருமுறை தெரிவுசெய்யப்படும் கொன்ஸ்டபிள் நியாயதலக் கட்டளைகளைச் சேர்ப்பித்து, வேலைக்கேற்ற கட்டணம் பெறுகின்றார். வீதியில் வாகனத்தை மறித்துப் போக்குவரத்துச் சட்டத்தைச் செலுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று அம்மாநில உயர்நீதிமன்றம் 1998இல் தீர்த்தது. இரண்டிலும் நாம் காண்பது, வாக்கு ஒருவரைப் பதவியில் அமர்த்தலாம். அப்பதவி எதைச் செய்யலாம் என்பதை எழுத்திலுள்ள சட்டமே வரையறுக்கின்றது என்பதாகும். வட்டை விதானையின் நிலையும் இதுவே.

நம் நாட்டிலே வாக்கின் எல்லையை விரிக்கும் முயற்சி 1958இல் நடந்தது. பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்து கொண்டுவந்த அவ்வாண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், நீர்ப்பாசனத் தலைமைக்காரரின் பணிகளைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் அளித்தது. குழுவைத் தெரிவுசெய்வதில் பயிரிடுவோருக்கே பெரும்பங்கு கிடைத்தது. முல்லைக்காரர் முதன்முறையாகத் தம் வாய்க்காலின் காவலைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை பெற்றார். அவ்வுரிமை நீடித்த காலம் குறைவு. 1973ஆம் ஆண்டின் கமநிலச் சட்டத்தால் குழுவினர் அமைச்சரின் நியமனத்துக்குரியோராயினர்; தெரிவு போய் அரசியல் ஆதரவு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட நீதி நிருவாகச் சட்டம் கிராம நீதிமன்றங்களையும் ஒழித்தது. ஆக, காண்பவரின் தெரிவும் தீர்ப்பவரின் அணுக்கமும் ஒருசேர ஊரை விட்டு நீங்கின. போடியார் ஆதிக்கத்தை உடைக்க வந்த சீர்திருத்தம் ஊராட்சியையும் உடைத்துவிட்டு முடிந்தமை, நம் கமத்தொழில் வரலாற்றின் துயரமான பக்கம் என்றே நான் கருதுகின்றேன்.

அதன் பின்னர் ஊர்க்காவல் என்ற சொல்லே வேறு பொருள் கொண்டது. 1980களில் போர் மூண்டபோது அரசு ஊர்காவற் படையினரை ஆயுதந் தரித்து நிறுத்தியது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்ட பின், முஸ்லிம் ஊர்களுக்கு அப்படை உயிர்க்காப்பாகத் தோன்றிற்று. அக்காலத்திலே தமிழ்க் கிராமங்கள் பட்ட துன்பங்களில் அதற்கும் பங்குண்டு என்று தமிழர் குற்றஞ்சாட்டினர். இவ்விரு நினைவுகளும் இன்றும் அருகருகே வாழ்கின்றன; ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று. நமது ஆய்வுக்கு வேண்டியது இது: ஊர்காவற் படையினர் ஊரவர்தாம், ஊரை அறிந்தவர்தாம். ஆனால் ஊர் அவர்களைக் கூடித் தெரிவுசெய்யவில்லை. ஊரால் அவர்களை நீக்கவும் இயலவில்லை. வட்டை விதானைக்கு வெளிவேலி இருந்ததுபோல அவர்கள் அதிகாரத்துக்கு ஊரார் கண்ட வேலி எதுவும் இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டையில் நீர் பகிர்ந்த இடங்களில் அக்காலத்தே வயல்கள் பல பாழ்பட்டன. 2006இல் அப்படை சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வந்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவுக்கு இடம் வகுத்தும் அது செயற்படுத்தப்படவில்லை. செயற்பட்டிருப்பினும் அஃது அதிகாரத்தைக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுவந்திருக்குமே தவிர ஓட்டமாவடி வரை கொண்டுவந்திராது. இங்கு நிகழும் குற்றத்துக்கு முறைப்பாடு செய்ய வாழைச்சேனைப் பொலிஸ் நிலையத்துக்கே செல்லவேண்டும். சமாதான அலுவலர் என்ற பழைய சொல்லோ 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைக் கோவையிலும் தொடர்கின்றது. பொலிஸ் கடமைக்கென எழுத்துமூலம் நியமிக்கப்பட்ட கிராம உத்தியோகத்தர் பொலிஸ் விதானையின் இடத்தில் நிற்கின்றார். நியமனத்தின் வழித்தோன்றல் சட்டத்தில் அழியாது வாழ்கின்றார்.

தெரிவின் வழித்தோன்றலும் முற்றாக அழிந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வட்டை விதானை என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. போகத் தொடக்கத்தில் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் அரச அதிகாரிகள் முன்னிலையில் நீர் திறக்கும் நாளும், விதைப்பு முடிக்கும் நாளும், மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்றும் நாளும் தீர்மானமாகின்றன. மேய்ச்சற்றரை இல்லாத பண்ணையாளர் அங்கே எழுந்து, மாட்டை எங்கே கொண்டுபோவது என்று கேட்கின்றனர். அவர்கள் வட்டைக்குள் வயலில்லாதவர்கள். விதானையைத் தெரிவுசெய்வதில் அவர்களுக்குப் பங்கில்லை. 1856இல் வட்டையார் கூட்டத்துக்கு வெளியே நின்றவர் வயற்காரர். இன்று அவ்விடத்தில் நிற்பவர் மாட்டுக்காரர்.